யாருக்கும் சொந்தமில்லாத பணம்: ராபோபேங்க் இவ்வளவு பெரிதானது எப்படி?

எங்கள் சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பிரியாணிக்காக வருகிறவர்கள். அதில் தப்பொன்றும் இல்லை, நானும் அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் போவேன். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு கூட்டத்தில், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுந்தார். கையில் கணக்கறிக்கை. ஒரு வரியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

“தம்பி, ஒதுக்கு நிதின்னு போட்டிருக்கே, இது யாரு காசு?”

“சங்கத்தோட காசு ஐயா.”

“சங்கம்னா யாரு?”

“நாம எல்லாரும்தான்.”

“சரி, அப்ப என் பங்கைக் குடு. நான் வெளிய போயிடுறேன்.”

கூடம் முழுக்கச் சிரிப்பு. பொருளாளர் மட்டும் நிதானமாக விளக்கினார்: கட்டிய பங்குத்தொகை திரும்பக் கிடைக்கும், சேமிப்பும் கிடைக்கும், ஆனால் ஒதுக்கு நிதியில் தனி உறுப்பினருக்குப் பாத்தியதை கிடையாது. “எல்லாருக்கும் சொந்தம், யாருக்கும் கிடையாது. நல்லா இருக்குய்யா” என்று முனகிக்கொண்டே பெரியவர் உட்கார்ந்துவிட்டார்.

நான் அப்போது உள்தணிக்கைக் குழுவில் இருந்தேன். அவருடைய கேள்விக்கு ஒழுங்கான பதிலைத் தேடப் போய்த்தான் நெதர்லாந்தின் ராபோபேங்கில் வந்து நின்றேன். 600 பில்லியன் யூரோவுக்கும் மேற்பட்ட சொத்து, 40,000-த்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள், சுமார் 20 லட்சம் உறுப்பினர்கள். பங்குதாரர் என்று ஒருவரும் இல்லை. இத்தனையும் உரம் வாங்கக் கையில் காசில்லாத உழவர்கள் ஊருக்கு ஊர் தொடங்கிய குட்டிச் சங்கங்களிலிருந்து வந்தது. பெரியவர் கேட்ட அதே ‘யாரு காசு’தான் இந்த வங்கியின் வளர்ச்சிக்கும் காரணம், அதன் தலைவலிக்கும் காரணம் என்பது என் வாதம்.

சிங்கப்பூரிலும் அவர்களுக்குக் கிளை உண்டு. நீங்களும் நானும் போய்க் கணக்குத் திறக்கிற கிளை இல்லை. உணவு, வேளாண் பொருள் வாணிகம் செய்கிற பெரிய நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கிற கிளை. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கிச் சாப்பிடுகிற ஊரில் உழவர் வங்கிக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அவ்வளவும் கப்பலில் வருவதால்தான் வேலை. செம்பனை எண்ணெயும் காப்பிக்கொட்டையும் தானியமும் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேரும் வரை யாரோ ஒருவர் பணத்தைப் போட்டு வைத்திருக்க வேண்டுமே.

பஞ்சமும் மேயரும்

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் 1818-இல் பிறந்தவர், மலைப்பாங்கான ஏழைக் கிராமங்களுக்கு மேயராக இருந்தவர். 1846-47 குளிர்காலத்தில் விளைச்சல் பொய்த்துப் பட்டினி வந்தபோது, வசதி உள்ளவர்களிடம் பணம் திரட்டி மாவு வாங்கி ரொட்டி சுட்டுக் கடனாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். அதன் பிறகு அமைத்த சங்கங்களையும் பணக்காரர்களின் தயவை நம்பித்தான் நடத்தினார். கொஞ்ச காலத்தில் அவர்களுக்கு ஆர்வம் வற்றியது. தருமத்தை நம்பி ஊரை நிமிர்த்த முடியாது, கடன் வாங்குகிறவர்களே சங்கத்தின் சொந்தக்காரர்களாக வேண்டும் என்ற முடிவுக்கு வந்து, 1864-இல் ஹெடஸ்டோர்ஃபில் கடன் சங்கத்தைத் தொடங்கினார்.

அவருடைய விதிகள் பார்க்க எளிமையாக இருக்கும், உள்ளே போனால் கெட்டிக்காரத்தனம் தெரியும். சங்கம் ஒரு சிற்றூர் எல்லைக்குள் மட்டும். நிர்வாகக் குழுவுக்குச் சம்பளம் கிடையாது. மிஞ்சும் லாபத்தைப் பங்கு போடாமல் ஒதுக்கு நிதியில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வரம்பில்லாப் பொறுப்பு: சங்கம் நொடித்தால் ஒவ்வோர் உறுப்பினரின் நிலமும் மாடும் அந்தக் கடனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசி விதியைக் கேட்டால் இன்று நமக்குப் பகீர் என்கிறது. ஆனால் அதுதான் அடமானம் வைக்க ஒன்றுமில்லாதவர்களை வங்கியாக்கியது. பக்கத்து வீட்டுக்காரன் மாடு வாங்கக் கடன் வாங்கியிருக்கிறான், அவன் கட்டாவிட்டால் என் மாடு போகும். அப்படியென்றால் அவன் கொட்டிலில் புதுமாடு வந்துவிட்டதா, இல்லை பணம் சாராயக் கடைக்குப் போனதா என்று நான் எட்டிப் பார்க்காமல் இருப்பேனா? ஒரு காசு செலவில்லாமல் ஊர் முழுக்கக் கடன் ஆய்வாளர்கள். வெளியூர்ப் பெரிய வங்கிக்கு இந்த வசதி எந்தக் காலத்திலும் கிடைக்காது.

ஜாமீன் கையெழுத்துப் போட்டு நண்பனிடம் மாட்டிக்கொண்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகளில் கடன் வாங்கிய தலைமுறையும் ஆளைத் தெரிந்த ஆளின் சொல்லை நம்பித்தான் வாங்கியது. ரைஃபைசன் அந்த ஜாமீனை ஓர் ஊரின் அளவுக்குப் பெரிதாக்கினார், அவ்வளவுதான்.

டச்சு முன்னறை

1880-களில் அமெரிக்காவிலிருந்து மலிவு விலைக் கோதுமை கப்பல் கப்பலாக ஐரோப்பாவில் இறங்கியது. நெதர்லாந்தின் சிறு உழவர்கள் தானியத்தில் போட்டி போட முடியாமல் பாலுக்கும் இறைச்சிக்கும் மாறப் பார்த்தார்கள். மாறுவதற்குத் தீவனம், உரம், மாடு எல்லாம் வேண்டும், எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். நகரத்து வங்கிகளுக்கு ஐந்து ஏக்கர்க்காரன் கண்ணுக்கே தெரியவில்லை. கடனுக்கு உரம் கொடுத்த வியாபாரி வைத்ததுதான் விலை.

பிராபன்ட் மாநிலத்தில் ஹேரலாகஸ் ஃபான் டென் எல்சன் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1896-இல் உழவர் சங்கத்தைக் கட்டி எழுப்பி, ரைஃபைசன் முறைக் கடன் வங்கிகளை ஊர் ஊராகப் பரப்பினார். அதே 1896-இல் கிழக்கே லோனக்கர் என்ற ஊரிலும் ஒரு வங்கி தொடங்கியிருந்தது. 1898-இல் இவற்றுக்கு மைய வங்கிகள் வந்தன, அதுவும் ஒன்றுக்கு இரண்டாக. உத்ரெக்டில் 6 ஊர் வங்கிகள் சேர்ந்து ரைஃபைசன் மைய வங்கி. ஐந்தோவனில் 22 ஊர் வங்கிகள் சேர்ந்து பூரன்லேன்பேங்க், அதாவது உழவர் கடன் வங்கி. ஐந்தோவன் கத்தோலிக்கர்களின் வட்டம், உத்ரெக்டில் மற்றவர்கள். நம் ஊர்ச் சங்கங்கள் பிரியாத விதத்திலா அவர்கள் பிரிந்துவிட்டார்கள்? சரி, விடுங்கள்.

அந்த ஊர் வங்கிகளை மனக்கண்ணில் கொண்டுவருவதற்குக் கட்டடத்தை மறந்துவிட வேண்டும். காசாளர் வீட்டின் முன்னறைதான் வங்கி. ஒரு மேசை, ஒரு பேரேடு, ஓர் இரும்புப் பெட்டி. காசாளர் பகுதி நேர ஆள், மற்ற நாள்களில் அவருக்கு வேறு பிழைப்பு. ஞாயிறு வழிபாடு முடிந்து வருகிறவர்கள் சேமிப்புப் பணத்தைக் கட்டிவிட்டுப் போவார்கள். நிர்வாகக் குழு ஓசியில் உழைத்தது, வாடகை கிடையாது. செலவே இல்லாத வங்கி எப்படி நட்டப்படும்?

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு செய்தி இருந்தது. கடன் தேடி ஆரம்பித்த இந்த வங்கிகளுக்குச் சீக்கிரமே கடனைவிடச் சேமிப்புதான் அதிகமாக வந்து குவிந்தது. பாயடியில் கிடந்த பணமெல்லாம் முன்னறைக்கு வந்துவிட்டது. உபரியை மைய வங்கி வாங்கி, தேவைப்படுகிற ஊருக்குத் திருப்பிவிட்டது, மிச்சத்தை முதலீடு செய்தது. ஊர் வங்கிகளின் கணக்கைத் தணிக்கை செய்யும் வேலையும் மையத்திடமே இருந்தது. இதைக் கவனிக்க வேண்டும். அண்டை வீட்டானின் கண் ஒரு பக்கம், தணிக்கையாளரின் கண் இன்னொரு பக்கம். என் அனுபவத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் கெட்டுப்போவது இந்த இரண்டில் ஒன்று மூடிக்கொள்ளும்போதுதான்.

அதே விதை, சென்னையில்

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. நெதர்லாந்தில் பாதிரியார் ஊர் சுற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சென்னை மாகாண அரசு அதிகாரி ஃபிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரண்டு பாக அறிக்கை கொடுத்தார். அவருடைய முடிவைச் சுருக்கினால் ஒரே வரி: ஒரு ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள். 1904-இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் முதல் சங்கம் உருவானது, பெரிய காஞ்சிபுரத்தில் நகர வங்கி வந்தது.

விதை ஒன்று, ஏறக்குறைய விதைத்த காலமும் ஒன்று. ஒரு பக்கம் உலகப் பெரு வங்கி. இன்னொரு பக்கம், தேர்தலுக்குத் தேர்தல் கடன் தள்ளுபடிக்குக் காத்திருக்கும் சங்கங்கள். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்த தள்ளுபடி மட்டும் 12,110 கோடி ரூபாய். காரணம் பலவாக இருக்கலாம். நிலவுடைமை, சாதி, மழை என்று யார் எதைச் சொன்னாலும் மறுக்க மாட்டேன். ஆனால் கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு முதலில் படுவது இதுதான்: அங்கே ஊரார் சேமிப்பை வைத்துக் கடன் கொடுத்தார்கள், இங்கே சங்கத்தை வளர்க்கச் சட்டமும் பதிவாளரும் அரசுப் பணமும் மேலிருந்து வந்தன. திருப்பிக் கட்டாவிட்டால் அண்டை வீட்டுக்காரனின் மாடு போகும் என்பது ஓர் உணர்வு. சர்க்கார் பணம்தானே என்பது வேறோர் உணர்வு. என் தாத்தா ஊருக்குப் போனபோதெல்லாம் இரண்டாவது உணர்வைப் பற்றிய கதைகளைத்தான் கேட்டு வந்தார்.

பந்து உருண்ட விதம்

இனி அந்த ஒதுக்கு நிதி. ஒரு கம்பெனி 100 வெள்ளி லாபம் பார்த்தால் பாதியையாவது பங்குதாரருக்குக் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் தலைமை நிர்வாகியின் தலை உருளும். டச்சு உழவர் வங்கி 100 வெள்ளி லாபம் பார்த்தால் 100 வெள்ளியும் உள்ளேயே கிடந்தது. அடுத்த ஆண்டு அந்த 100 வெள்ளிக்கு யாரும் வட்டி கேட்கவில்லை. பத்து மடங்கு கடன் கொடுக்க அது அடித்தளமானது. இப்படி ஓராண்டு, இரண்டாண்டு இல்லை, மூன்று தலைமுறை. பாட்டன் விட்ட லாபத்தின் மேல் பேரன் மலிவு வட்டியில் கடன் வாங்குகிறான். பாட்டனுக்கு அதில் எந்தப் பத்திரமும் கிடையாது.

உறுப்பினர்களின் வரம்பில்லாப் பொறுப்பை இந்த நிதிதான் படிப்படியாகத் தேவையில்லாததாக்கியது. பெட்டி நிறைந்துவிட்ட பிறகு மாட்டைப் பிணை கேட்பானேன்? பொறுப்புக்கு வரம்பு வந்தது, கடைசியில் அதுவும் போயிற்று. உறுப்பினருக்கு நிம்மதிதான். ஆனால் பக்கத்துக் கொட்டிலை எட்டிப் பார்க்கும் அவசியமும் அத்தோடு போய்விட்டது. இந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாடு வளர்ந்தது. உழவர் பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்கள், வீட்டுக்கடன் கேட்டார்கள். 1960-களில் சம்பளத்தை உறையில் போட்டுக் கொடுப்பது போய்க் கணக்கில் போடும் பழக்கம் வந்தபோது, எந்த ஊரிலும் கிளை வைத்திருந்த இந்த இரண்டு வங்கிகளுக்கும் அடித்தது யோகம். ஆனால் ஒரே கிராமத்தில் தேவாலயத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு கூட்டுறவு வங்கிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருப்பதில் என்ன லாபம்? மதப் பிரிவின் சூடும் அதற்குள் ஆறியிருந்தது. 1972-இல் இணைந்தார்கள். ரைஃபைசனின் ‘ரா’, பூரன்லேன்பேங்கின் ‘போ’, சேர்ந்து ராபோ. தலைமையிடம் உத்ரெக்டா ஐந்தோவனா என்ற வம்புக்கு, சட்டப்படியான முகவரி ஆம்ஸ்டர்டாம் என்று எழுதிச் சமாளித்தார்கள். சம்பந்தி வீட்டுச் சண்டையில் கல்யாணத்தைப் பொது மண்டபத்தில் வைப்பது போலத்தான்.

இணைந்தபோது 1,200-க்கு மேற்பட்ட ஊர் வங்கிகள் இருந்தன. ஒவ்வொன்றும் தனிக் கூட்டுறவுச் சங்கம். மைய வங்கி அவற்றுக்குச் சொந்தம். வழக்கமான வங்கியில் தலைமையகம் கிளைகளுக்கு எசமான், இங்கே கிளைகள் தலைமையகத்துக்கு எசமான். ஒருவர் விழுந்தால் மற்றவர் தாங்க வேண்டும் என்ற குறுக்குப் பிணையும் உண்டு.

1980-களிலிருந்து கடல் தாண்டும் ஆசை வந்தது. டச்சுப் பால் பொருளும் பூவும் உலகம் முழுக்கப் போகும்போது வங்கியும் கூடப் போனது. குத்தகை நிதி நிறுவனமான டி லாகே லாண்டனை 1987-இல் வாங்கினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, கலிஃபோர்னியா, இந்தோனேசியா என்று வரைபடம் நீண்டது. இந்தியாவில் 2004-இல் யெஸ் பேங்க் தொடங்கியபோது முதல் முதலீட்டாளர்களில் ராபோவும் இருந்தது. 2020 மார்ச்சில் அந்த வங்கிக்கு ரிசர்வ் வங்கி பூட்டுப் போட்டபோது இவர்கள் பங்கை விற்று வெளியேறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கெட்டிக்காரத்தனமா, நல்ல நேரமா, அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

1998-இல், நூறாவது வயதில், வீட்டுக்குள் பெரிய விவாதம் நடந்தது. போட்டி வங்கிகள் எல்லாம் பங்குச் சந்தையில் இருக்கும்போது நாம் மட்டும் ஏன் கூட்டுறவு? பங்கு வெளியிட்டால் உறுப்பினர்களுக்குக் கொழுத்த தொகை கிடைக்குமே? அதாவது, எங்கள் துறைமுகப் பெரியவரின் கேள்வி அங்கேயும் எழுந்தது. கூட்டுறவாகவே இருப்பது என்று முடிவெடுத்தார்கள். வெளியே போகிறவர் எடுத்துப் போக முடியாத பணம் என்பதால்தான் அது நூறு ஆண்டு உள்ளே இருந்தது, இன்று கூடத்தில் இருப்பவர்கள் அதைப் பிரித்துக்கொண்டால் முன்னால் கட்டியவர்களுக்கும் பின்னால் வருகிறவர்களுக்கும் என்ன பதில் என்று நான் இந்த முடிவைப் படித்துக்கொள்கிறேன்.

பத்தே ஆண்டில் பலன் தெரிந்தது. 2008 நெருக்கடியில் ஏபிஎன் ஆம்ரோவை நெதர்லாந்து அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. ஐஎன்ஜி அரசிடம் 10 பில்லியன் யூரோ வாங்கியது. ராபோ ஒரு காசும் வாங்கவில்லை. கடன் தரத்தில் மிக உயர்ந்ததான மூன்று ஏ குறியீட்டை அது 2011 நவம்பர் வரை கைவிடாமல் வைத்திருந்தது. மற்ற வங்கிகளிலிருந்து பயந்து ஓடிய சேமிப்பும் இங்கே வந்து சேர்ந்தது.

முன்னறைக்குத் தெரியாத அறைகள்

கோடு போட்டு வைத்த இடத்துக்கு இப்போது வருவோம்.

2013 அக்டோபரில், லைபோர் என்ற பன்னாட்டு வட்டி விகிதத்தைத் தங்கள் வியாபாரத்துக்குச் சாதகமாகத் திரிக்க ராபோ ஊழியர்கள் முயன்றதற்காக, பல நாட்டு அதிகாரிகள் சேர்ந்து விதித்த அபராதம் 774 மில்லியன் யூரோ. தலைவர் பீட் மூர்லாண்ட் பதவி விலகினார். 2018-இல் கலிஃபோர்னியா துணை வங்கி, கள்ளப்பணத் தடுப்பில் இருந்த ஓட்டைகளை ஆய்வாளர்களிடம் மறைத்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மெக்சிகோ எல்லையோரக் கிளைகளில் வந்து குவிந்த ரொக்கத்தைப் பற்றிய விவகாரம் அது. கைவிட்டுப் போனது 36 கோடியே 87 லட்சம் அமெரிக்க டாலர். அடுத்த ஆண்டு அந்த வங்கியையே விற்றுவிட்டார்கள். 1996-இலிருந்து பெருமையாக நடத்திவந்த மிதிவண்டிப் பந்தய அணிக்கான ஆதரவையும், அந்த விளையாட்டில் ஊக்க மருந்து நாற்றம் அடித்தபோது 2012-இல் நிறுத்திக்கொண்டார்கள். அது வங்கியின் குற்றம் இல்லை, கெட்ட காலம்.

லைபோரைத் திரிக்கும் அறையை எந்த உழவன் எட்டிப் பார்ப்பான்? பிராபன்ட் கிராமத்து உறுப்பினருக்கு எல்லையோரக் கிளையில் எவ்வளவு ரொக்கம் வந்தது என்று தெரிய வழியில்லை. சாதாரணக் கம்பெனியாக இருந்தால் குறைந்தபட்சம் பங்கு விலை விழுந்து யாராவது கூச்சல் போடுவார்கள். இங்கே சொந்தக்காரன் என்று கூச்சல் போட ஆளே இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத பணம் வளர்ப்பதற்கு நல்லது, காவல் காப்பதற்குக் கடினம். ரைஃபைசன் ஊர் எல்லை என்ற விதியை ஏன் வைத்தார் என்பது எனக்கு இந்த வழக்குகளைப் படித்தபோதுதான் உறைத்தது.

நெருக்கடிக்குப் பின் எல்லா வங்கியும் கூடுதல் மூலதனம் வைக்க வேண்டும் என்று விதி வந்தபோது இன்னொரு முடிச்சு. கம்பெனி என்றால் புதுப் பங்கு வெளியிடும். கூட்டுறவுக்கு லாபத்தைச் சேர்ப்பதைத் தவிர வழி குறைவு. 2000-இலிருந்து உறுப்பினர்களுக்கு மட்டும் விற்றுவந்த ராபோ சான்றிதழ்களை 2014-இல் ஆம்ஸ்டர்டாம் சந்தையில் யாரும் வாங்கலாம் என்று திறந்துவிட்டார்கள். வாங்குகிறவருக்கு வட்டி போல ஒரு தொகை வரும், வாக்கு கிடையாது. பணம் வெளியாருடையது, ஓட்டு உறுப்பினருடையது. இது கூட்டுறவா என்று கேட்டால், வேட்டிமேல் கோட்டுப் போட்டது போல என்பேன், மரியாதையாகத்தான் இருக்கிறது.

2016 ஜனவரி 1-ஆம் தேதி மீதமிருந்த 106 ஊர் வங்கிகளும் மையத்தோடு கலந்து ஒரே வங்கியாயின. ஒரே உரிமம், ஒரே கணக்கு. உறுப்பினர் மன்றங்கள் ஊரளவில் இன்னும் உண்டு. ஆனால் கடன் கொடுப்பதா வேண்டாமா என்பதை முன்னறை முடிவு செய்த காலம் போயிற்று. கட்டுப்பாட்டாளர்களின் பார்வையில் இது சரியான காரியம். நூற்றுக்கு மேற்பட்ட தனி வங்கிகளை மேற்பார்க்கும் தொல்லை யாருக்கு வேண்டும்?

பொங்கோல் பன்றிகளும் டச்சு மாடுகளும்

வேளாண் வேர் அறுந்துவிட்டதா? இல்லை, ரொம்ப இறுக்கமாகவே பிடித்திருக்கிறது. நெதர்லாந்து உழவர்களின் வங்கிக் கடனில் சுமார் 85 விழுக்காடு ராபோ கொடுத்ததுதான். தொழுவத்தைப் பெரிதாக்கு, மாட்டைக் கூட்டு, கடனைக் கட்டு என்று பல பத்தாண்டுகள் ஓடிய சக்கரத்தில் வங்கிக்கும் பங்கு உண்டு. 2019 மே மாதம் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் நைட்ரஜன் அனுமதி முறை செல்லாது என்றது. கால்நடைக் கழிவிலிருந்து கிளம்பும் அம்மோனியா இயற்கைக் காப்பிடங்களைக் கெடுக்கிறது, குறைத்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. உழவர்கள் டிராக்டர்களோடு நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். சுற்றுச்சூழல்காரர்கள் வங்கியைப் பார்த்துக் கை நீட்டினார்கள்: விரிவாக்கக் கடன் கொடுத்தது நீதானே?

இதைப் படிக்கும்போது எனக்குச் சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரம் ஞாபகம் வந்தது. பழைய ஆட்களுக்குத் தெரியும், காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் மூக்கைப் பிடிக்க வேண்டும். பன்றிப் பண்ணைக் கழிவு நீர்நிலைகளைக் கெடுக்கிறது, இடமும் போதாது என்று 1984-இல் அரசு பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. சில ஆண்டுகளில் கதை முடிந்தது, இன்று அங்கே அடுக்குமாடிகள். இழப்பீடு வாங்கிக்கொண்டு போனவர்களின் வருத்தத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இங்கே அரசு ஒரு கோடு கிழித்தது, முடிந்தது. அங்கே ஒவ்வொரு தொழுவத்தின் பின்னாலும் ஒரு கடன் பத்திரம், அந்தப் பத்திரத்தை வைத்திருக்கும் வங்கியின் உறுப்பினர் அதே உழவர். கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் ஒரே ஆள் என்பது நல்ல காலத்தில் அழகு, மாடுகளைக் குறைக்க வேண்டிய காலத்தில் கழுத்துப்பிடி.

அந்தக் கேள்வி இங்கேயும் வந்தது

சிங்கப்பூரின் கூட்டுறவு, வயலில் தொடங்கவில்லை, அலுவலக மேசையில் தொடங்கியது. கடன்காரர்களிடம் சம்பளத்தைத் தொலைத்துக்கொண்டிருந்த அரசாங்க ஊழியர்களுக்காக 1925-இல் முதல் சிக்கனக் கடன் சங்கம் பதிவானது. அடியில் இருந்தது அதே ரைஃபைசன்தான். ஊர் எல்லைக்குப் பதில் ஒரே முதலாளி, பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பதில் பக்கத்து மேசைக்காரன். ஜாமீன் போட்ட சக ஊழியன் சாப்பாட்டு நேரத்தில் “இந்த மாசம் கட்டிட்டியா?” என்று கேட்டால் போதும்.

1970-இல் தொழிலாளர்களுக்கு மலிவுக் காப்புறுதி கொடுக்க என்டியுசி இன்கம் கூட்டுறவாகத் தொடங்கியது. 2022-இல் அது கம்பெனியாக மாறியது. 2024 ஜூலையில் ஜெர்மனியின் அலியான்ஸ் சுமார் 2.2 பில்லியன் வெள்ளிக்கு அதில் குறைந்தது 51 விழுக்காட்டை வாங்க முன்வந்தது. காப்பிக்கடையில்கூட ஆள்கள் இதைப் பேசினார்கள். அக்டோபர் 14-ஆம் தேதி, அந்த வடிவில் அனுமதிக்க முடியாது என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. இடறியது எது என்று பார்த்தால், கம்பெனியாக மாறியபோது கூட்டுறவுக் காலத்து உபரி சுமார் 2 பில்லியன் வெள்ளி சிறப்பு விலக்கோடு புதுக் கம்பெனிக்குப் போயிருந்தது. விலக்கு இல்லாவிட்டால் அது, கலைக்கப்படும் கூட்டுறவுகளின் மிச்சப் பணம் இயக்கத்துக்காகப் போய்ச் சேரும் கலைப்புக் கணக்குக்குப் போயிருக்கும். பேரம் முடிந்த பின் சுமார் 1.85 பில்லியன் வெள்ளியைப் பங்குதாரர்களுக்குத் திருப்பித் தரும் திட்டம் வெளியே தெரிந்தபோது இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. டிசம்பரில் அலியான்ஸ் விலகிக்கொண்டது.

1998-இல் உத்ரெக்டில் உறுப்பினர்கள் தாங்களே பேசி முடிவெடுத்த விஷயத்தை இங்கே சட்டத் திருத்தம் போட்டு அரசு தடுக்க வேண்டியிருந்தது. இரண்டில் எது உசத்தி என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை, பணம் உள்ளே நின்றது.

எங்கள் சங்கத்துக்கு வருவோம். அந்தப் பிரியாணிக் கூட்டத்துக்கு அடுத்த ஆண்டு, ஒதுக்கு நிதிக்குப் போவதைக் கொஞ்சம் குறைத்து உறுப்பினருக்கான இலாப ஈவைக் கூட்டலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. எதிர்த்துக் கை தூக்கியவர்கள் மூன்று பேர். நான் ஒருவன், பொருளாளர் ஒருவர், மூன்றாவது துறைமுகப் பெரியவர். சாப்பாட்டு வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றபோது கேட்டேன், “போன வருஷம் பங்கைக் குடுன்னு கேட்டீங்களே ஐயா?”

“கேட்டுப் பாத்தேன், தரமாட்டேன்னுட்டாங்க. எனக்கு எழுபத்தெட்டு வயசாவுது தம்பி. இப்ப ரெண்டு காசு கூட வந்து என்ன பண்ணப் போறேன்? உள்ளயே கெடக்கட்டும்.”

தீர்மானம் நிறைவேறியது. அந்த ஆண்டு எனக்கு இலாப ஈவில் முப்பத்தாறு வெள்ளி கூடுதலாக வந்தது.